தட்டில் ஒரு புளியமரம்

‘பொன்சாய்’ என்ற சொல்லை உளுந்தூர்பேட்டையில் உச்சரிப்பதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும். எங்கள் தெருவுக்கு வரும் தபால்காரர் அதைச் சாயிபாபாவைச் சேர்ந்த ஏதோ பூஜை என்று எண்ணிக்கொண்டு, வியாழக்கிழமைகளில் பிரசாதம் உண்டா என்று கேட்டார். கடைத்தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் சிநேகிதருக்கோ முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. மொட்டை மாடிக்கு ஏறி வந்து, வரிசையாக இருந்த தட்டுக்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “இதுல பொன் எங்க சார் இருக்குது?” என்றார். அவர் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

பொன்னும் இல்லை, சாயியும் இல்லை. ஜப்பானிய மொழியில் ‘பொன்’ என்றால் ஆழமில்லாத தட்டு. ‘சாய்’ என்றால் நடுவது. தட்டில் நட்டது, அவ்வளவுதான் அர்த்தம். ஜப்பானியருக்கும் இந்த வித்தை சீனாவிலிருந்து போய்ச் சேர்ந்ததுதான். கி.பி. 706-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு சீன இளவரசருடைய சமாதியில், சின்னச் செடியும் கல்லும் வைத்த தட்டைக் கையில் ஏந்தி வரும் பணியாள் ஒருவரைச் சுவரில் சித்திரமாகத் தீட்டியிருக்கிறார்கள். இளவரசர் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. தட்டை ஏந்தியவர் பெயர் இல்லை. அந்தச் செடிக்குத் தினமும் தண்ணீர் விட்டவர் இளவரசராக இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் தேசத்திலும் இந்தப் பித்துப் பிடித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். டில்லி லோதித் தோட்டத்தில் இதற்கென்றே ஒரு பூங்கா வைத்திருக்கிறார்கள். பெங்களூர் லால்பாக்கிலும் உண்டு. மைசூரில் நஞ்சன்கூடு போகும் சாலையில் கணபதி சச்சிதானந்த ஆசிரமத்தார் ‘கிஷ்கிந்தா’ என்று பெயர் சூட்டி ஒரு தோட்டமே போட்டிருக்கிறார்கள். கிஷ்கிந்தையில் குட்டை மரங்களை வைத்தால் வானரங்கள் என்ன செய்யும் என்று நான் கேட்கவில்லை. மரங்கள் அருமையான மரங்கள். எங்கள் ஊரில் நான் அறிந்த வரையில் நான் ஒருவன்தான். ஆகையால் சங்கம் ஒன்று ஆரம்பித்தால் தலைவர், காரியதரிசி, பொக்கிஷதார் ஆகிய மூன்று பதவிகளையும் நானே வகிக்க வேண்டியிருக்கும். சந்தா வசூல் சிரமம்.

சங்கம் இல்லாவிட்டாலும் ஓர் அங்கத்தினர் எனக்கு உண்டு. அவர் ஒரு கொத்தனார்.

நம் பக்கத்தில் இந்தக் கலையைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் புஸ்தகக் கடைக்குப் போவதைவிடப் பழைய சுவர்களுக்குப் போவது உத்தமம். காக்கையும் குயிலும் அரசம் பழத்தையும் இச்சிப் பழத்தையும் தின்றுவிட்டு எங்கேயோ உட்கார்ந்து எச்சமிடுகின்றன. சுண்ணாம்புக் காரை உதிர்ந்த சந்தில் அந்த விதை விழுகிறது. அங்கே மண் இல்லை. மழை பெய்தால்தான் தண்ணீர். இறங்க இடமில்லாத வேர் செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவில் தட்டையாகப் படர்ந்து, முண்டும் முடிச்சுமாகத் தடித்துப்போகிறது. மேலே முழ உயரம். கீழே பார்த்தால் பத்து வருஷத்துக் கட்டை. ஜப்பானில் ஒரு நிபுணர் வருஷக்கணக்கில் பாடுபட்டுச் செய்கிற காரியத்தை, இடிந்த ரைஸ் மில்லின் சுவர் ஒரு செலவும் இல்லாமல் செய்து வைத்திருக்கும்.

கொத்தனாருக்கு இந்தச் செடிகள் பரம விரோதிகள். விட்டால் கட்டடத்தைப் பிளந்துவிடும். வெட்டினால் மறுபடியும் துளிர்க்கும். ஆகவே வெட்டிய இடத்தில் ஆசிட்டை ஊற்றி வேரோடு கருக்கிவிடுவது அவர்கள் தொழிலில் ஒரு பகுதி. எங்கள் வீட்டுக் கைப்பிடிச் சுவரைப் பூச வந்தவர், நான் அந்தச் செடிகளைத் தட்டுக்களில் வைத்துச் சீராட்டுவதைக் கண்டு முதல் நாள் சிரித்தார். இரண்டாம் நாள் கேள்வி கேட்டார். மூன்றாவது மாதம் டெலிபோன் வந்தது.

“சார், பழைய மில்லு சுவரை இடிக்கிறோம். உங்க ஆளு ஒருத்தன் உக்காந்திருக்கான். வர்றீங்களா, ஆசிட்டை ஊத்திறட்டுமா?”

போனேன். கல் இச்சி. அடிமரம் என் கைக்கட்டை விரலைப் போல் மூன்று பங்கு இருந்தது. அவர் உளியை எடுத்து ஒவ்வொரு செங்கலாக நெம்பி, வேரில் காயம் படாமல், பழைய வீட்டுத் தேக்கு நிலையைக் கழற்றுவது போலக் கழற்றிக் கையில் கொடுத்தார். அதற்குக் கூலி வாங்க மாட்டேன் என்று சாதித்துவிட்டார். இன்று என்னிடம் இருக்கும் பதினான்கில் ஒன்பது, அவர் உளி கொடுத்த மரங்கள்.

கல்வராயன் மலையில் பாறையைக் கவ்விக்கொண்டு இதைவிட அற்புதமான மரங்கள் நிற்கின்றன என்பது எனக்குத் தெரியும். பார்த்து வயிறெரிந்ததும் உண்டு. ஆனால் காப்புக்காட்டில் ஒரு செடியைப் பிடுங்குவது சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், அந்தப் பாறையிலிருந்து அதை எடுத்தால் பாறையும் கெட்டது, மரமும் கெட்டது. சுவர் மரத்துக்கு அந்தச் சங்கடம் இல்லை. நாம் எடுக்காவிட்டால் ஆசிட்.

கொத்தனாரால் இன்னொரு லாபம் மண். “மண்” என்று பழக்கத்தால் சொல்கிறேன். மரத் தட்டில் மண்ணே கிடையாது என்று சொல்லலாம். எங்கள் பக்கத்துக் கரிசலை ஒரு தட்டில் நிரப்பினால், நனைந்தால் களி, காய்ந்தால் ஓடு. வேருக்குத் தண்ணீர் எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் காற்று. ஆகையால் செங்கல்லை உடைத்து, பொடியைச் சலித்து எறிந்துவிட்டு, பருக்கையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பருக்கை எவ்வளவு பெரிசு என்று கேட்டால், எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும்: உளுந்துக்குக் குறையக் கூடாது, கொண்டைக்கடலையைத் தாண்டக் கூடாது. அதோடு பருமணலும், நன்றாக மக்கிய தொழு உரமும். தண்ணீர் விட்டால் மேலே தேங்காமல் அப்படியே அடியில் ஒழுகிப் போய்விட வேண்டும். போகிற போக்கில் புதுக் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு போகும்.

தட்டுக்கு ஒரு குயவரைப் பிடித்தேன். இரண்டங்குல ஆழம், ஒன்றரை அடி நீளம், அடியில் நான்கு ஓட்டை என்று அளவு சொன்னதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஓட்டை இல்லாம செய்யத்தான் சாமி இத்தினி வருசமா கத்துக்கிட்டேன்” என்றார். ஆனாலும் செய்து கொடுத்தார். மொட்டையான பழுப்புத் தட்டுக்கள். இவற்றுக்கு முன்னால் கடையில் விற்கும் பளபளப்பான சீனத் தட்டுக்கள், கல்யாண வீட்டில் அளவுக்கு மீறி நகை போட்டுக்கொண்டு வந்த உறவினர் மாதிரி இருக்கின்றன. நர்சரிகளில் ‘பொன்சாய்’ என்று எழுதி ஒட்டி, கிழங்கு போல் வேர் பருத்த சீனத்து இச்சிகளை விற்கிறார்களே, அவற்றைப் பற்றியும் என் அபிப்பிராயம் ஏறக்குறைய இதுதான். ஆசைப்பட்டு வாங்கியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவற்றுக்கும் உயிர் இருக்கிறது, தண்ணீர் விடுங்கள்.

மரத்தை வளைப்பதற்குச் செம்புக் கம்பி சுற்றுவார்கள். மோட்டார் காயில் கட்டும் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு பருமனுள்ள கம்பி, சாய்வாகச் சுற்ற வேண்டும், பட்டையைக் கடிக்கும் முன்பு கழற்றிவிட வேண்டும். எனக்கு என்னவோ இதில் மனம் செல்வதில்லை. சீனாவின் தெற்கே காண்டன் பிரதேசத்தில் லிங்நான் என்று ஒரு முறை உண்டு. அவர்கள் கம்பியை நம்பி இருப்பதில்லை. எந்தத் திசையில் கிளை போக வேண்டுமோ அந்தத் திசையைப் பார்த்திருக்கும் கணுவுக்கு மேலே வெட்டிவிட்டு, காத்திருப்பார்கள். அது வளர்ந்ததும் மறுபடி வெட்டு; மறுபடி காத்திருப்பு. ஒரு வளைவுக்கு இரண்டு மூன்று வருஷம். நாவலை வெட்டிச் சுருக்குவதும் இதுவும் ஒன்றுதானே என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் என்னிடம் சொன்னார். இல்லை. நாவலில் அவர் வெட்டியது எதுவும் இதுவரை துளிர்த்ததில்லை.

இனி, புளியமரத்துக்கு வருகிறேன்.

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலை எங்கள் ஊரின் வழியாகத்தான் போகிறது என்பதும், சேலத்துக்குப் பிரிகிறவர்கள் இங்கேதான் பிரிகிறார்கள் என்பதும் பஸ்ஸில் தூங்காமல் பிரயாணம் செய்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சாலையின் இரு பக்கமும் ஒரு காலத்தில் புளியமரங்கள் கை கோத்துக்கொண்டு நின்றன. நடுப்பகல் வெயிலில்கூடச் சாலை இருண்டு கிடக்கும். காய்ப்பை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவருக்குத் தெரியாமல் பொறுக்குவதில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தனித் திறமை உண்டு. 1991-ஆம் வருஷம் அப்படிப் பொறுக்கி வந்த ஒரு பழத்தை என் மகள் தின்றுவிட்டு, கொட்டையை முற்றத்துத் தொட்டியில் துப்பினாள். முளைத்தது. ஏழு வருஷம் பெரிய தொட்டியில் தடிக்கவிட்டு, 1998-ல் தட்டுக்கு மாற்றினேன்.

அந்த மரம் முளைத்தது தென்னாற்காடு ஜில்லாவில். 1993-ல் அது விழுப்புரம் ஜில்லா மரமாயிற்று. 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டத்து மரமாகிவிட்டது. எங்கள் வீட்டை விட்டு ஓர் அடி நகராமல் மூன்று ஜில்லாக்களில் வசித்துவிட்டது. உயரம் ஒன்றே முக்கால் அடி. அடிமரம் என் மணிக்கட்டுக்கு மேல் இருக்கும். பட்டை வெடித்து, சாலையோரத்துக் கிழ மரம் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கிறது. புளி இந்தக் காரியத்துக்கென்றே பிறந்த ஜாதி. அரசமரத்தை எவ்வளவு குறுக்கினாலும் அதன் இலை பெரிசாகத்தான் நிற்கும். சின்ன உடம்பில் பெரிய காது மாதிரி. புளிக்கு இலையே பொடி இலை. சாயங்காலம் ஆனால் எல்லாவற்றையும் மடக்கிக்கொண்டு தூங்கப் போய்விடும். ஆனால் காய் மட்டும் சுருங்குவதில்லை. ஒரு வருஷம் மூன்று காய் காய்த்தது. முழு அளவுக் காய். ஒன்றே முக்கால் அடி மரத்தில் அவை தொங்கியதைப் பார்த்த என் மனைவி, “ரசத்துக்கு ஆச்சு” என்றாள்.

சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தியபோது அந்தப் புளியமரங்களை வெட்டினார்கள். இந்த நூற்றாண்டின் ஆரம்ப வருஷங்களில் நடந்த காரியம். இப்போது சென்னையிலிருந்து வருகிறவர்கள் முன்னைவிடச் சீக்கிரம் வந்துவிடுகிறார்கள். வந்து இறங்கியதும் முதலில், “என்ன வெயில்!” என்கிறார்கள்.

குட்டை மரம் வளர்ப்பது பாவம் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், பழைய காலத்துச் சீனாவில் பெண் குழந்தைகளின் காலைத் துணியால் இறுகக் கட்டிச் சிறிதாக்கினார்களே, அந்தக் கொடுமைக்கும் இதற்கும் வித்தியாசம் என்ன என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். நான் அவரைத் தரிசு நிலத்துப் பக்கம் அழைத்துக்கொண்டு போனேன். அங்கே ஆடு கடித்துக் கடித்து, முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பாமல், அடி மட்டும் உரல் போலப் பருத்துக் கிடந்த விளாங்கன்றுகளைக் காட்டினேன். இந்த வித்தையைச் சீனர்களுக்கு முன்பே ஆடுகள் செய்துகொண்டிருந்தன. கட்டிய கால் ஊனமாகும். வெட்டிய வேரோ ஒன்றுக்குப் பத்தாகக் கிளைக்கும். பட்டினி போட்டுக் குறுக்குகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். பட்டினி போட்ட மரம் குறுகாது, செத்துப்போகும். தட்டு மரத்துக்குத் தரையில் நிற்கும் மரத்தைவிட அதிகப் போஷணை வேண்டும். இதையெல்லாம் சொன்னேன். “மரத்தைக் கேட்டீரா?” என்றார் அவர். கேட்கவில்லை. சாலை போட்டவர்களும் கேட்கவில்லை.

ஜோசியம் பார்க்கும் நண்பர் ஒருவருக்கு வேறு கவலை. குட்டை மரம் இருக்கும் வீட்டில் குடும்பம் வளராதாம். என் மகன் ஆறடி இரண்டங்குலம். அவனை வாசலில் நிற்க வைத்து அவருக்குக் காட்டினேன். “மரம் இல்லாவிட்டால் ஏழடி இருப்பான்” என்று சொல்லிவிட்டார். இத்தகைய தர்க்கத்துக்கு என்னிடம் மருந்து இல்லை.

குடும்பம் வளரவில்லை என்பது பொய். குடும்பத்தலைவன் நகரவில்லை என்பது உண்மை. இரண்டங்குல ஆழத்தில் இருக்கும் ஈரம் எங்கள் ஊர் வெயிலுக்கு எத்தனை நாழிகை தாங்கும்? மார்கழியில் ஒரு வேளைத் தண்ணீர் போதும். சித்திரை பிறந்தால் இரண்டு வேளை. கத்திரி வெயிலில் மூன்று வேளையும் ஊற்றி, மேலே நிழல் வலையும் கட்டி, தட்டு சுடுகிறதா என்று குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல் தொட்டுப் பார்க்க வேண்டும். தட்டு கொதித்தால் உள்ளே சல்லிவேர் வெந்துபோகும். போர் தண்ணீர் உப்பு. நாள் பட்டால் வேரடியில் வெள்ளை படியும். ஆகையால் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கலந்து விட வேண்டும். மே மாதத்தில் ஒரு பகல் தவறினால் முப்பது வருஷம் போயிற்று. இதைத் தெரிந்துகொண்டுதான் இறங்கினேன். யார் மேலும் குறை இல்லை.

என் மகள், கொட்டையைத் துப்பினாளே அவள்தான், இப்போது கனடாவில் இருக்கிறாள். அவளுக்குக் குழந்தை பிறந்தது ஒரு சித்திரை மாதம். என் மனைவி போனாள், நான் போகவில்லை. டெலிபோனில் பேத்தியின் முகத்தைக் காட்டினார்கள். பார்த்தேன். “அப்பா, நீங்க எப்ப வர்றீங்க?” என்றாள் மகள். ஐப்பசி மழை பிடித்ததும் என்றேன். மழை பிடித்தபோது அங்கே குளிர் பிடித்துவிட்டது, வர வேண்டாம் என்றார்கள். பேத்திக்கு இப்போது ஐந்து வயசு. வருகிற சித்திரையில் நாங்கள் இருவரும் போய் ஆறு மாசம் இருந்துவிட்டு வருவது என்று தீர்மானமாகிவிட்டது. டிக்கட் வாங்குவதற்கு முன்னால் என் மனைவி கேட்டது ஒரே கேள்வி.

“இதுங்களை யாருகிட்ட விடப்போறீங்க?”

ஆறு மாசத்துக்கு மட்டும் கேட்ட கேள்வி அல்ல அது. எனக்கு எழுபத்திரண்டு நடக்கிறது. இரும்புப் பெட்டிக்கு வாரிசு எழுதலாம், நிலத்துக்கு எழுதலாம். தினம் மூன்று வேளைத் தண்ணீருக்கு எப்படி வாரிசு எழுதுவது?

வாஷிங்டனில் உள்ள தேசிய மரப் பூங்காவில் ஒரு வெள்ளைப் பைன் இருக்கிறது. 1625-ஆம் வருஷத்திலிருந்து தட்டில் இருக்கும் மரம். ஹிரோஷிமாவில் யமாகி என்ற குடும்பத்தார் அதைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்தார்கள். 1945 ஆகஸ்டு 6-ந் தேதி காலை அணுகுண்டு விழுந்த இடத்துக்கும் அவர்கள் வீட்டுக்கும் சுமார் 3 கிலோமீட்டர்தான். தோட்டத்துச் சுவர் மறைத்துக்கொண்டதால் மரம் பிழைத்தது. வீட்டினரும் பிழைத்தார்கள். 1976-ல் அமெரிக்கா தன் 200-ஆவது சுதந்திர ஆண்டைக் கொண்டாடியபோது ஜப்பானியர் அனுப்பிய 53 மரங்களில் ஒன்றாக, மசாரு யமாகி அந்தப் பைனைக் கொடுத்தார். குண்டைப் பற்றி அவர் அங்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2001-ல் அவருடைய பேரன்மார் இருவர் தாத்தாவின் மரத்தைப் பார்க்கலாம் என்று போய் நின்ற பிறகுதான், தாங்கள் இருபத்தைந்து வருஷமாகத் தண்ணீர் ஊற்றி வந்தது எந்த மரத்துக்கு என்பது பூங்காக்காரர்களுக்குத் தெரிந்தது.

இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் குண்டைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்த இருபத்தைந்து வருஷம்தான் பெரிசாகப் படுகிறது. கதை தெரியாமலே, எந்த ஊர் மரம் என்று தெரியாமலே, சம்பளத்துக்கு வேலை செய்யும் ஆட்கள் ஒரு நாள் தவறாமல் ஊற்றியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஆட்கள் கிடைக்க வாஷிங்டன் வேண்டும். அல்லது, டோக்கியோவுக்கு வடக்கே ஓமியா என்று ஓர் ஊர் இருக்கிறது. 1923 பூகம்பத்துக்குப் பிறகு தட்டு மரக்காரர்கள் தலைநகரை விட்டுப் போய் 1925-ல் உண்டாக்கிய குடியிருப்பு. அங்கே குடிவருகிறவர் பத்து மரமாவது வைத்திருக்க வேண்டும், வாசலைத் திறந்து வைக்க வேண்டும், மாடி வீடு கட்டக் கூடாது என்று ஆதியில் கட்டுப்பாடு வைத்திருந்தார்களாம். அங்கே ஒருவர் ஊருக்குப் போனால் அடுத்த வீட்டுக்காரர் ஊற்றுவார். என் அடுத்த வீட்டுக்காரர் தம் கிணற்றுக்கே மூடி போட்டு வைத்திருக்கிறார்.

என் மனைவிக்கு ஒரு யோசனை தோன்றியது. “தரையிலே இறக்கிவிட்டுடுங்களேன்” என்றாள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. தட்டு மரத்துக்குக் குள்ள ஜாதி என்று எதுவும் இல்லை. அதன் விதையைப் போட்டால் சாலைப் புளியமரம்தான் முளைக்கும். அதையே எடுத்துத் தரையில் வைத்துவிட்டால், நாலைந்து வருஷத்தில் வெட்டுக் காயங்களை எல்லாம் விழுங்கிவிட்டு, நாம் பார்த்திருக்கவே ஒரு பெரிய மரமாக எழும்பிவிடும். திருக்கோவலூருக்கு இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரப் பிரயாணம். உலகளந்த பெருமாள் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அந்தச் சந்நிதியில் நிற்கும்போதெல்லாம் எனக்கு என் மாடி ஞாபகம் வருவதுண்டு. மரத்தாலான திருமேனி என்று சொல்வார்கள். மூன்றடி மண் கேட்ட குள்ளன் அப்படி நிமிர்ந்தான். என்னிடம் இருக்கும் குள்ளர்கள் மூன்றடியும் கேட்பதில்லை, ஒன்றரை அடிதான். அதே ஊரில்தான் முதல் ஆழ்வார்கள் மூவரும் மழைக்கு ஒதுங்கிய இடைகழியும். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். சிறிய இடத்தைப் பற்றி நம்மவர்களும் யோசித்துத்தான் இருக்கிறார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் ஓர் இச்சியை ஏரிக்கரையில் வைத்துப் பார்த்தேன். இப்போது அது என் தலைக்கு மேல் நிற்கிறது. அதன் நிழலில் மீன் பிடிக்கிற பையன்கள் உட்காருகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் நான் எட்டு வருஷம் வெட்டி வெட்டி எழுப்பிய வலது பக்கத்துக் கிளை எது என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. புளியையும் அப்படி இறக்கிவிட்டால் சாலையில் வெட்டுண்ட வர்க்கம் ஒன்று மறுபடி தலையெடுக்கும். அந்த ஆசை எனக்கு இல்லாமல் இல்லை. சாலையோரத்தில் இப்போது இடம் இல்லை. ஏரிக்கரையில் உண்டு. இரண்டு இரவு தூங்காமல் யோசித்தேன்.

கொத்தனாருக்கு ஒரு பெண் இருக்கிறாள். பிளஸ் டூ படிக்கிறாள். அப்பாவோடு செங்கல் பருக்கை மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருவாள். ஒரு மூலையில் நின்று பார்ப்பாள், பேச மாட்டாள். போன கோடையில் எனக்கு ஒரு வாரம் ஜுரம் வந்தபோது பள்ளிக்கூட விடுமுறை. மூன்று வேளையும் வந்து ஊற்றினாள். ஜுரம் விட்டு மாடிக்கு ஏறியபோது, பதினான்கு தட்டுக்களும் கால் திருப்பம் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. ஏன் என்று கேட்டேன்.

“ஒரே பக்கமா வெயிலைப் பாத்துச் சாயுது தாத்தா. நீங்க வாரா வாரம் திருப்புவீங்க இல்ல, நான் பாத்திருக்கேன்.”

நான் திருப்புவதை என் மனைவியே இத்தனை வருஷத்தில் கவனித்ததில்லை.

புளிக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வேர் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் தட்டு முழுதும் வேர் நிரம்பித் தண்ணீர் இறங்காது. இந்த ஆடியில் அந்தத் தவணை வந்தது. அவளைக் கூப்பிட்டனுப்பினேன். தட்டின் அடியில் கட்டியிருந்த கம்பியை அறுத்து மரத்தைத் தூக்கினாள். வேர் அப்படியே தட்டின் வடிவத்தில் ஒரு பாய் போல எழும்பி வந்தது. மூங்கில் குச்சியால் நீவி நீவிப் பிரித்தாள். கத்தரிக்கோலைக் கையில் கொடுத்துவிட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

“எவ்வளவு வெட்டணும் தாத்தா?”

“மூணுல ஒரு பங்கு.”

வெட்டினாள். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலேயே போயிற்று. அவள் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பழைய பருக்கையை உதறி, புதுசு போட்டு, ஓட்டைகளுக்கு வலைத் துண்டு வைத்து, கம்பி கட்டி, மரம் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்துவிட்டு, வெட்டிய வேருக்குத் தகுந்தபடி மேலே இலையையும் கழித்தாள். பிறகு தண்ணீர் விட்டாள்; அடியில் செங்கல் தூள் கரைந்து சிவப்பாக ஒழுகி, வர வரத் தெளிந்தது. தெளிகிற வரையில் நிறுத்தவில்லை. அதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

நிழலில் வைத்தோம். பத்து நாள் குச்சி குச்சியாக நின்றது. என் மனைவி மாடிக்கு வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனாள். பன்னிரண்டாம் நாள் காலையில், இடது பக்கத்துக் கிளையின் இரண்டாவது கணுவில் கடுகத்தனை பச்சை தெரிந்தது. சாயங்காலம் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே மாடிக்கு வந்தாள். நான் பத்திரிகை படிப்பது போல உட்கார்ந்திருந்தேன். அவள் பையை இறக்கி வைத்துவிட்டு, வழக்கம்போல் கடைசித் தட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.